எல்லோர் கண்ணிலும் பட்ட சிறுமி

2014 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில், ரெட் ஆற்றில் போலீஸார் ஓர் ஆணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் ஃபாரன் ஹால். வீடு வாசல் இல்லாமல் வாழ்ந்த பூர்வகுடி மனிதர். 2009-இல் இதே ஆற்றில் தத்தளித்த இருவரை, வெவ்வேறு சமயங்களில், உள்ளே குதித்துக் கரைசேர்த்தவர் என்பதால் நகரத்துக்கே தெரிந்த முகம். அவரைத் தேடிப் போன இடத்தில் இன்னோர் உடலும் கிடைத்தது. போர்வை உறைக்குள் சுற்றி, மேலே மிதந்து வராதபடி கற்களைச் சேர்த்து, ஆற்றில் விடப்பட்டிருந்த சிறிய உடல்.

அது டீனா ஃபான்டெய்ன். வயது 15. வின்னிபெக்குக்கு வடகிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சாக்கீங் என்ற அனிஷினாபே பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த பெண். காணவில்லை என்று போலீஸ் பதிவேட்டில் இருந்தவள். அவளைத் தேடி யாரும் அந்த ஆற்றில் இறங்கியிருக்கவில்லை. வேறொருவரைத் தேடியபோது தற்செயலாக அகப்பட்டாள். இந்த வழக்கை எத்தனை முறை படித்தாலும் நான் முதலில் இடறி நிற்பது இந்தத் தற்செயலில்தான். அன்று ஃபாரன் ஹால் ஆற்றில் விழாமல் இருந்திருந்தால், டீனா இன்றுவரை பட்டியலில் ஒரு பெயராகவே இருந்திருக்கக்கூடும்.

விசாரணைக்குப் பொறுப்பேற்ற சார்ஜென்ட் ஜான் ஓ'டோனவன் செய்தியாளர்களிடம் பேசும்போது, ஆற்றில் நாய்க்குட்டிகளோ பூனைக்குட்டிகளோ இந்த நிலையில் கிடைத்திருந்தாலே ஊர் பதறியிருக்கும், இதுவோ ஒரு குழந்தை என்று பொருள்படச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நாடு முழுவதும் மேற்கோள் காட்டியது. அவர் துறையைச் சேர்ந்த இருவர் ஒன்பது நாட்களுக்கு முன் அதே குழந்தையை நேரில் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார்கள் என்ற செய்தி, அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான் வெளியே வந்தது.

ஆகஸ்ட் 8

கனடாவில் பூர்வகுடிகள்மீதான அமைப்பு சார்ந்த இனவெறியைப் பற்றிய இந்த ஆய்வின் உயிர் ஒரே ஒரு நாளில் இருக்கிறது. ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை.

பொழுது புலரும் நேரம். போலீஸார் இருவர் ஒரு டிரக்கை நிறுத்திச் சோதித்தார்கள். ஓட்டி வந்தவர் ஓர் ஆண். பக்கத்தில் டீனா. முதலில் வேறு ஒரு பெயரைச் சொன்னாள், பிறகு உண்மைப் பெயரைச் சொன்னாள். பெயரைக் கணினியில் போட்டுப் பார்த்தால், காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறாள். அவளுக்குப் பொறுப்பான குழந்தை நல நிறுவனத்தை அழைத்து, ஆள் வரும்வரை உடன் வைத்திருந்து ஒப்படைத்திருக்க வேண்டும். அவர்கள் அவளைப் போகவிட்டார்கள்.

அன்று காலையிலேயே, வின்னிபெக் பல்கலைக்கழகத்துக்கு அருகே அவள் நினைவில்லாமல் கிடந்தாள். பார்த்தவர்கள் ஆம்புலன்ஸை அழைத்தார்கள். மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்திருந்தார்கள். இந்தப் பெண் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற சந்தேகம் அங்கிருந்தவர்களுக்கே வந்தது. நினைவு தெளிந்ததும், குழந்தை நல ஊழியர் ஒருவர் வந்து அழைத்துக்கொண்டு போனார்.

எங்கே? நகர மையத்தில் இருந்த ஒரு ஹோட்டலுக்கு. மானிடோபாவில் அப்போது அரசின் பராமரிப்பில் இருந்த குழந்தைகளுக்கு வளர்ப்பு வீடுகள் போதவில்லை. இடம் கிடைக்காத பிள்ளைகளை ஹோட்டல் அறைகளில் தங்கவைத்து, ஒப்பந்த ஊழியர்களைக் காவலுக்குப் போடுவது பல ஆண்டுகளாக நடந்துவந்த ஏற்பாடு. தற்காலிகம் என்றுதான் எப்போதும் சொல்லப்பட்டது. போகும் வழியில், தனக்கு வயதில் மிகவும் மூத்த ஓர் ஆண் நண்பர் இருப்பதாகவும் அவர் போதைப்பொருள் பயன்படுத்துகிறவர் என்றும் டீனா அந்த ஊழியரிடம் சொன்னாள். ஹோட்டலுக்கு வந்த பிறகு, வெளியே போய் வருகிறேன் என்றாள். போகாதே என்று கேட்டுக்கொண்டார் ஊழியர். கேட்டுக்கொள்வதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. டீனா போய்விட்டாள்.

அவளைக் காணவில்லை என்று மறுபடியும் புகார் பதிவாயிற்று.

போலீஸ், ஆம்புலன்ஸ், மருத்துவமனை, குழந்தை நலத் துறை. ஒரு நாட்டில் ஒரு குழந்தையைக் காப்பதற்கென்று என்னென்ன அமைப்புகள் உண்டோ அவை எல்லாம் பன்னிரண்டு மணி நேரச் சொச்சத்துக்குள் அவளைப் பார்த்தன, பெயரைக் கேட்டன, தத்தம் படிவத்தை நிரப்பின, அடுத்த இடத்துக்கு அனுப்பின. கடைசி இடத்துக்குக் கதவு இருந்தது, தாழ் இல்லை.

காணாமல் போதல் என்று தமிழில் சொல்கிறோம். போனவர் தாமாகப் போனதுபோல் ஒலிக்கும் சொல். இலங்கையில் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தம் பிள்ளைகளைத் தேடித் தெருவில் உட்கார்ந்த தாய்மார்கள் இந்தச் சொல்லை ஏற்க மறுத்து, "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று எழுதவைத்தார்கள். அங்கே நடந்தது வேறு, இங்கே நடந்தது வேறு. கனடாவில் டீனாவை எந்தப் படையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் அந்த இலக்கணத் திருத்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆகஸ்ட் 8-ஐப் படித்தால், "காணாமல் போனாள்" என்று எழுதக் கை வருவதில்லை. எல்லோர் கண்ணிலும் பட்டவள் எப்படிக் காணாமல் போனவள் ஆவாள்?

சாக்கீங்

டீனா பிறந்தது 1999-ஆம் ஆண்டின் முதல் நாள். தாய் அப்போது பதின்பருவத்தில் இருந்தார். அவரே அரசின் குழந்தை நலப் பராமரிப்பில் வளர்ந்தவர். டீனாவின் ஆரம்ப ஆண்டுகள் அலைக்கழிப்பிலேயே கழிந்தன. ஐந்து வயது வாக்கில் தந்தை அவளையும் தங்கையையும் தன் குடும்பத்தில் மூத்தவரான, பாட்டி முறையுள்ள ஒரு பெண்மணியிடம் கொண்டுவந்து விட்டார். சாக்கீங்கை ஒட்டிய சிற்றூரில் அவர் வீடு. அங்கே பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். டீனா பள்ளிக்கூடம் போனாள், தந்தை வந்து பார்த்துவிட்டுப் போவார், அவர் என்றால் அவளுக்கு உயிர்.

சாக்கீங் என்ற பெயரைக் கனடா வேறொரு காரணத்துக்காகவும் அறியும். அங்கே 1905 முதல் 1970 வரை ஃபோர்ட் அலெக்சாண்டர் உறைவிடப் பள்ளி இருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, வெள்ளையராக மாற்றப் பார்த்த நாடு தழுவிய பள்ளி அமைப்பின் ஒரு கிளை. அதே சாக்கீங்கில் பிறந்து, அதே ஃபான்டெய்ன் என்ற குடும்பப் பெயருடன், பின்னாளில் கனடாப் பூர்வகுடிகளின் தேசியத் தலைவரான ஃபில் ஃபான்டெய்ன், 1990-இல் அந்தப் பள்ளியில் தான் அனுபவித்த கொடுமைகளைப் பொதுவெளியில் சொன்னார். ஒரு தலைமுறையின் வாய்ப்பூட்டு அன்று உடைந்தது. 2008 ஜூனில் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று உறைவிடப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார்.

பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் வேலை நின்றுவிடவில்லை. குழந்தை நலத் துறை அதைக் கையில் எடுத்துக்கொண்டது. 1960-களிலிருந்து ஆயிரக்கணக்கான பூர்வகுடிக் குழந்தைகள் வெள்ளையர் வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். டீனா இறந்த ஆண்டில் மானிடோபாவில் அரசின் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் 10,000-க்கும் மேல். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பூர்வகுடிகள். மாகாணத்தின் மொத்தப் பிள்ளைகளில் பூர்வகுடிகள் ஏறத்தாழக் கால் பங்குதான்.

இந்த விகிதம் எப்படி வந்தது என்பதற்கு உணர்ச்சியற்ற, கணக்குப் புத்தக விளக்கம் ஒன்று உண்டு. பூர்வகுடி ஒதுக்கு நிலங்களில் குழந்தை நலச் சேவைக்கு மத்திய அரசு பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் மற்றக் குழந்தைகளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்று சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான அமைப்பும் பூர்வகுடிகளின் தேசியச் சபையும் 2007-இல் புகார் செய்தன. 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் அதை ஏற்றது. குறைவு என்பது மட்டும் பிரச்சினை இல்லை. குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்க உதவக் கேட்டால் நிதிக்குப் பஞ்சம், குழந்தையை எடுத்துக்கொண்டு போனால் செலவுக்குப் பணம் வரும் என்ற நிலையை அந்த நிதிமுறையே உண்டாக்கி வைத்திருந்தது. இது இன அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பாயம் எழுதியது. யாரும் யாரையும் வைதாக வேண்டியதில்லை. கணக்கு எழுதும் முறையிலேயே அது நடந்துகொண்டிருந்தது.

எழுதப்படாத ஒரு பக்கம்

2011 அக்டோபர் கடைசியில் டீனாவின் தந்தை அடித்துக் கொல்லப்பட்டார். அவளுக்கு வயது 12.

பாட்டி வீட்டில் எல்லாம் அதற்குப் பிறகு மாறியது. பள்ளிக்கூடத்துக்குப் போவது குறைந்தது. சோகத்தை யாரிடமாவது பேச வேண்டும், ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கப்பட்டது. குற்றத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவ மாகாணத்தில் ஒரு துறையே இருந்தது. ஆனால் டீனாவுக்கு ஒரு முறைகூட ஆலோசனை கிடைக்கவில்லை என்பதை மாகாணத்தின் குழந்தைகள் உரிமைக் காவலர் டாஃப்னி பென்ரோஸ் பின்னர் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவுசெய்கிறது.

இதில் என்னை அதிகம் உலுக்கியது ஒரு சிறு விஷயம். தந்தையைக் கொன்றவர்களுக்குத் தண்டனை விதிக்கும் முன், இழப்பு உங்களை எப்படிப் பாதித்தது என்று எழுதித் தரும்படி குடும்பத்தாரிடம் கேட்பது கனடிய நீதிமன்ற வழக்கம். டீனாவும் எழுத வேண்டும் என்றார்கள். அவள் எழுத உட்கார்ந்தாள், முடியவில்லை. மறுபடியும் உட்கார்ந்தாள். எழுதவே முடியாமல் போயிற்று. அழுகையைக் கேட்க ஆளைத் தராத அரசு, அந்த அழுகையை ஒரு பக்கத்தில் எழுதி நீதிமன்றத்தில் தரச் சொன்னது.

2014 கோடையில், வின்னிபெக்கில் இருக்கும் தாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். சில நாட்கள்தான் என்ற பேச்சு. திரும்பி வரவில்லை. பாட்டியே குழந்தை நலத் துறைக்குப் போன் செய்து உதவி கேட்டார். நல்ல நம்பிக்கையில் செய்த காரியம். அதற்குப் பிந்தைய ஐந்தாறு வாரங்கள் இளைஞர் தங்குமிடம், ஹோட்டல், தெரு, மறுபடி ஹோட்டல் என்று போயின. காணவில்லை என்று பதிவாகும், தானே எங்காவது தென்படுவாள், பதிவு முடித்துவைக்கப்படும். மூன்றாம் நான்காம் முறை அந்தப் பெயர் திரையில் வரும்போது அதிகாரியின் மனத்தில் என்ன தோன்றும்? "இவள் இப்படித்தான், ஓடிப் போகிற பெண்." எத்தனை முறை ஆபத்தில் இருக்கிறாளோ அத்தனை முறை அவள் ஆபத்து சாதாரணமாகிக்கொண்டே போகிறது.

இதில் இனவெறி எங்கே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டிரக்கை நிறுத்திய போலீஸார் வெறுப்போடு ஒரு சொல் சொன்னதாகப் பதிவு இல்லை. அவர்கள்மீது குற்ற வழக்கும் தொடரப்படவில்லை. மருத்துவமனையில் யாரும் அவளைத் துரத்தவில்லை. ஹோட்டலுக்கு அழைத்துப் போன ஊழியர் அவளிடம் அக்கறையாகவே பேசியிருக்கிறார். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு சமாதானம் உண்டு. அமைப்பு சார்ந்த இனவெறி என்பதை நான் புரிந்துகொள்வது இப்படித்தான்: கெட்டவர் ஒருவர்கூட இல்லாமலே கெட்ட முடிவு வந்துசேரும் ஏற்பாடு. அந்த ஹோட்டல் அறைகளில் இருந்த பிள்ளைகள் எந்த இனத்தவர் என்று எண்ணிப் பார்த்தால் போதும். வெள்ளைக்காரப் பிள்ளைகளால் அந்த அறைகள் நிரம்பியிருந்தால் அந்தத் "தற்காலிக" ஏற்பாடு அத்தனை ஆண்டுகள் நீடித்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

நீதிமன்றம்

2015 டிசம்பரில் ஒருவர் கைதானார். டீனா இறந்தபோது அவருக்கு வயது 50-ஐத் தாண்டியிருந்தது. நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டதால் பெயரை இங்கே எழுதவில்லை. மாறுவேடப் போலீஸார் மாதக்கணக்கில் அவரோடு பழகி, அவர் இருந்த குடியிருப்பில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தி, பேச்சைச் சேகரித்திருந்தார்கள். அந்தப் பேச்சில் இருந்த சில வரிகளை அரசுத் தரப்பு ஒப்புதல் என்றது. எதிர்த்தரப்போ, அந்தப் பெண் இறந்ததில் தனக்கும் பங்குண்டு என்று வருந்தும் மனிதனின் புலம்பல் என்றது. ஒலியும் பல இடங்களில் தெளிவாக இல்லை. மரபணுத் தடயம் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டீனா எப்படி இறந்தாள் என்பதையே உடற்கூற்று மருத்துவரால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை நாள் தண்ணீரில் இருந்த உடல்.

2018 பிப்ரவரி 22-இல் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன்னால்தான், பக்கத்து மாகாணமான சஸ்காச்சவனில், 22 வயது கிரீ பூர்வகுடி இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் வெள்ளையர் விவசாயி ஒருவர் விடுதலையாகியிருந்தார். இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து நாடு முழுவதும் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் வைப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. டீனா வழக்கில் ஜூரியின் முன் இருந்த சான்றுகள் மெலிந்தவை. அந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு வேறு தீர்ப்பு எழுதியிருக்க வேண்டும் என்று வாதிடுவது கடினம். உடல் முன்னதாகக் கிடைத்திருந்தால், அதற்கும் முன்னால் அவளைத் தேடியிருந்தால் என்று யோசித்தால், சான்று மெலிந்ததற்கும் அலட்சியம்தானே ஒரு காரணம்? அந்தக் கேள்வியைக் கேட்க ஜூரிக்கு அதிகாரம் இல்லை. "இந்த மனிதர் கொன்றாரா?" என்ற ஒன்றுக்குத்தான் அங்கே விடை தேடப்படும்.

விசாரணை நடந்த நாட்களில் சில பத்திரிகைத் தலைப்புகள் அவள் இரத்தத்தில் மதுவும் போதைப்பொருளும் இருந்ததைப் பெரிய எழுத்தில் போட்டன. இறந்தவளையே கூண்டில் ஏற்றும் இந்தப் பழக்கத்தை நாம் எல்லா மொழிப் பத்திரிகைகளிலும் பார்த்திருக்கிறோம்.

நினைவுச் சின்னமும் நாடும்

தேதிகள் சில சமயம் தாமாகவே பேசுகின்றன. வின்னிபெக்கில் ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்துக்கு ஃபோர்க்ஸ் என்று பெயர். காணாமல் போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களுக்காக அங்கே ஒரு கல் நினைவுச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. திறப்பு விழா நடந்தது 2014 ஆகஸ்ட் 12. டீனா ஹோட்டலை விட்டுப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது, உடல் கிடைக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது.

உடல் கிடைத்த சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பல்துறையிலிருந்து ஃபோர்க்ஸ்வரை நடந்தார்கள். டீனாவுக்காகவும் ஃபாரன் ஹாலுக்காகவும் சேர்த்தே அந்த நடை. தேசிய விசாரணை வேண்டும் என்ற குரல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. கனடியக் கூட்டரசுப் போலீஸே அந்த ஆண்டு மே மாதத்தில், 1980 முதல் 2012 வரை 1,017 பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டதாகவும் 164 பேரைக் காணவில்லை என்றும் கணக்குக் கொடுத்திருந்தது. நாட்டின் பெண்களில் பூர்வகுடிகள் 4.3 சதவீதம். கொலையான பெண்களில் 16 சதவீதம். ஆயினும் பிரதமர் ஹார்ப்பர், டீனாவின் மரணத்தைச் சமூகப் பிரச்சினையாகப் பார்க்கக்கூடாது, குற்றமாகப் பார்க்க வேண்டும் என்றார். உறைவிடப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்ட அதே ஹார்ப்பர். ஆறு ஆண்டுகளில் அந்த மன்னிப்புரையை அவரே மறந்துவிட்டாரா, அல்லது கடந்த காலத்துக்கு மட்டும்தான் அதை வாசித்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

மக்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தச் செப்டம்பரிலேயே வின்னிபெக்கில் தன்னார்வலர்கள் சிலர் படகுகளில் ஏறி, கொக்கிகளையும் சங்கிலிகளையும் கட்டி இழுத்து, ஆற்றின் அடியைத் தாங்களே துழாவத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெர்னடெட் ஸ்மித். அவருடைய தங்கையைக் காணாமல் அப்போதே ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த ஆற்றின் நீர் கலங்கல், நீரோட்டம் வலிமையானது, இதில் தேடிப் பயனில்லை என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் கிடைக்காத நாளில் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏமாற்றம். பிற்பாடு ஸ்மித் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அமைச்சரும் ஆனார்.

2015-இல் மத்தியில் ஆட்சி மாறியது. மறு ஆண்டு தேசிய விசாரணை ஆணையம் அமைந்தது. தலைமை ஆணையர் மேரியன் புல்லர், தாமும் பூர்வகுடிச் சமூகத்தவர், நீதிபதியாக இருந்தவர். நாடெங்கும் அமர்வுகள், 2,000-க்கும் மேற்பட்டோரின் பங்கேற்பு, பாதியில் சில விலகல்கள், காலநீட்டிப்புக்கான இழுபறி எல்லாம் கடந்து 2019 ஜூன் 3-இல் இறுதி அறிக்கை வந்தது. நீதிக்கான அறைகூவல்கள் என்ற பெயரில் 231 கோரிக்கைகள் அதில் இருந்தன. நடந்தது இனப்படுகொலை என்று அறிக்கை எழுதியதுதான் பெரும் சர்ச்சையானது. நாளேடுகள் அந்தச் சொல் பொருந்துமா பொருந்தாதா என்று வாரக்கணக்கில் விவாதித்தன. 231 கோரிக்கைகளில் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்ற விவாதத்துக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

மாறியது உண்டா? உண்டு. குழந்தைகளை ஹோட்டலில் தங்கவைப்பதை 2015 ஜூன் முதல் வின்னிபெக்கில் நிறுத்துவதாக மாகாணம் அறிவித்தது. ஆனால் அதற்கும் டீனாவின் மரணம் மட்டும் போதவில்லை. 2015 ஏப்ரலில், ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டிருந்த இன்னொரு சிறுமி கொடூரமாகத் தாக்கப்பட்ட பிறகே அந்த அறிவிப்பு வந்தது. டாஃப்னி பென்ரோஸ் 2019 மார்ச்சில் சாக்கீங்குக்கே போய்த் தன் அறிக்கையை வெளியிட்டார். ஐந்தே பரிந்துரைகள்: பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதும் இடைநீக்கம் செய்யப்படுவதும், மனநலச் சிகிச்சை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஆதரவு, பாதுகாப்பான சிகிச்சை இடங்கள், சுரண்டலுக்கு எதிரான திட்டம் ஆகியவை பற்றியவை. ஐந்தையும் படித்தால், ஒரு சாதாரணத் தாய் தன் பிள்ளைக்கு என்ன கேட்பாளோ அவ்வளவுதான். புதிதாக எதுவும் இல்லை. பல தெரிந்தவை, முன்பே பல அறிக்கைகளில் சொல்லப்பட்டவை என்று பென்ரோஸே வருந்தினார்.

குப்பை மேடு

2022-இல் அதே வின்னிபெக்கில் நான்கு பூர்வகுடிப் பெண்களை ஒரே மனிதன் கொன்றான். அவர்களில் இருவரின் உடல்கள் நகருக்கு வெளியே பிரெய்ரி கிரீன் குப்பைக் கிடங்கில் இருக்கின்றன என்று போலீஸார் நம்பினார்கள். நம்பியும், தேடுவது நடைமுறைச் சாத்தியம் இல்லை என்றார்கள். குப்பைக்கு மேல் டன் கணக்கில் களிமண், ஆஸ்பெஸ்டாஸ் நச்சு, ஆட்களுக்கு ஆபத்து. காரணங்கள் பொய்யில்லை. மாகாண அரசும் 2023-இல் மறுத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி, தேட மாட்டோம் என்பதையே விளம்பரமாக்கிப் பெரிய பலகைகளில் ஒட்டியது. குப்பை மேட்டில் கிடக்கும் இரண்டு பெண்களைத் தேடாமல் விடுவது வாக்கு வாங்கித் தரும் என்று ஒரு கட்சியின் அறைக்குள் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கணக்குத் தப்பியது. அனிஷினாபே சமூகத்தவரான வாப் கினூ முதல்வரானார். 2024 டிசம்பரில் கிடங்கைத் தோண்டத் தொடங்கினார்கள். மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு ஆகும் என்று அஞ்சப்பட்ட வேலையில், 2025 பிப்ரவரியிலேயே எச்சங்கள் தென்பட்டன. மார்ச் மாதத்தில் இருவரும் அடையாளம் காணப்பட்டார்கள். நால்வரில் பெயர் தெரியாமல் இருந்தவருக்குச் சமூகத்து மூத்தோர் "எருமைப் பெண்" என்ற சடங்குப் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் யார் என்பதும் அதே மாதம் தெரியவந்தது.

டீனாவை சாக்கீங்கில் அவள் தந்தைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். வின்னிபெக்கின் வடக்குப் பகுதியில், செல்கிர்க் அவென்யூவில், அவள் பெயரில் இளைஞர்களுக்கான புகலிடம் ஒன்று 2018-இல் திறக்கப்பட்டது. வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உட்கார்ந்திருக்க இடம், பேச ஆள். இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் இடமாகவே அதைத் தொடங்கினார்கள். பொழுது புலரும் நேரத்தில் ஒரு பெண் போக்கிடம் இல்லாமல் தெருவில் நின்றாலும் போய்க் கதவைத் தட்டலாம் என்பதற்காக.